நான்கு டி.எஸ்.பி.களும் ஒரு சேஞ்ச் ஓவர் லீவரும்

1. திங்கட்கிழமை வந்த போன்

"நித்யா, உத்திரமேரூர் பக்கத்துல ஒரு ரைஸ் மில். நம்ம கலர் சார்ட்டர் கறுப்பரிசியை விடுதாம். ரெண்டு லோடு திரும்பி வந்துடுச்சு. மூணாவது வந்தா மெஷினைக் கழட்டி வாசல்ல வச்சிடுவேன்றார் ஓனர். உங்க ஊர் பக்கம்தானே, நீயே போயிடு."

பேசியவர் என் மேலதிகாரி ராகவன் சார். அரிசி ஆலைகளுக்குக் கலர் சார்ட்டர் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. நான் அங்கே ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள் ஓடும் புரோகிராம், எழுதுகிறேன். அப்போது நான் சேர்ந்து நாலாவது வருடம். இப்போது புதிதாகச் சேர்கிறவர்கள், மெஷினைக் கிளப்பிவிடும் பூட் கோடைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அந்த மூன்று நாளைத்தான் சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என் வீடு பழையசீவரத்தில். ஸ்கூட்டியில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, திருமுக்கூடல் வழியாகப் போய்விடலாம். பையில் எடுத்துக்கொண்டவை: லேப்டாப், டீபக் கேபிள், மல்டிமீட்டர், மாற்று போர்டு ஒன்று, காதில் வைக்கப் பஞ்சு, நோட்டு. வழியெல்லாம் எது கெட்டிருக்கும் என்று மனதுக்குள் பட்டியல் போட்டுக்கொண்டே போனேன். லென்ஸில் தவிடு, விளக்கு மங்கல், வால்வு அடைப்பு, கேபிள் தளர்வு. பூட் கோடு அந்தப் பட்டியலில் இல்லை. அது நான் எழுதியது.

மில்லின் உரிமையாளர் கோதண்டம். ஐம்பதைத் தாண்டியவர். சொந்த நெல் வயலும் உண்டு. என்னையும் ஸ்கூட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கம்பெனில பெரிய ஆளு யாரும் கெடைக்கலியா?"

"இந்த மெஷினுக்கு நான்தான் சார் ஆளு."

"இந்தப் பக்கத்துப் பேச்சு மாரி கீதே. யார் வூட்டுப் பொண்ணு நீ?"

"கம்பெனிலேர்ந்து வர்றேன் சார்."

"அது தெரிது. ஊர்ல யார் வூடு?"

"மெஷின் எந்தப் பக்கம் சார்?"

சிரித்துவிட்டு வழி காட்டினார். இந்தக் கேள்விக்கு எல்லா மில்லிலும் எனக்கு இதே பதில்தான்.

2. மெஷினுக்குள் இருப்பது

கலர் சார்ட்டரைப் பார்க்காதவர்களுக்காக. மேலே தொட்டியிலிருந்து அரிசி ஒரு சாய்தளத்தில் வழுக்கி விழும். விழும்போது முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா பார்க்கும். கறுப்பு அரிசியோ கல்லோ தெரிந்தால், கீழே வரிசையாக இருக்கும் காற்று வால்வுகளில் ஒன்று திறந்து அந்த ஒரு மணியை மட்டும் ஊதித் தள்ளும். நல்லது ஒரு தொட்டிக்குள், கழிவு இன்னொரு தொட்டிக்குள்.

இதைச் செய்ய எங்கள் போர்டில் நான்கு டி.எஸ்.பி. இருக்கின்றன. டிஜிட்டல் சிக்னல் பிராசஸர். கோதண்டம் இந்தப் பெயரைக் கேட்டதும், "டி.எஸ்.பி.யா? அவரு காஞ்சிவரத்துல இல்ல கீறாரு?" என்றார். அந்த டி.எஸ்.பி. இல்லை. ஒன்று முன் கேமராவுக்கு, ஒன்று பின் கேமராவுக்கு, ஒன்று வால்வுகளுக்கு. நான்காவது இவை மூன்றையும் கிளப்பிவிடும் மாஸ்டர்.

மின்சாரம் வந்ததும் இவற்றுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தன் புரோகிராமை யாராவது ஊட்ட வேண்டும். புரோகிராம்கள் எல்லாம், மின்சாரம் போனாலும் அழியாத ஃப்ளாஷ் மெமரியில் இருக்கும். ஃப்ளாஷைத் தொடும் வசதி மாஸ்டருக்கு மட்டும்தான். மற்ற மூன்றும் மாஸ்டரோடு சேர்ந்து ஒரு பொது மெமரியைப் பார்க்கும். ஷேர்டு மெமரி. அது சின்னது, ஒரு சமயத்தில் ஒரு புரோகிராம்தான் கொள்ளும். ஆகவே வரிசை இப்படி:

அ. மாஸ்டர், முன் கேமராவின் புரோகிராமை ஷேர்டு மெமரியில் எடுத்து வைக்கும்.
ஆ. முன் கேமரா டி.எஸ்.பி.யை ரீசெட் என்ற நிறுத்தத்திலிருந்து விடும். அது படிக்கத் தொடங்கும்.
இ. படித்து முடித்ததும் அது ஷேர்டு மெமரியின் ஓரத்தில் ஒரு கொடியை ஏற்றும்: 'முடித்தேன்'.
ஈ. கொடியைப் பார்த்த பிறகு, மாஸ்டர் அதே இடத்தில் பின் கேமராவின் புரோகிராமை எழுதும். பிறகு வால்வு.
உ. மூன்று கொடியும் ஏறியதும் திரையில் 'ரெடி' வரும்.

ஒரே கரும்பலகையில் மூன்று வகுப்புக்குப் பாடம் எழுதிப் போடுவது மாதிரி. ஒரு வகுப்பு எழுதி முடித்துச் சொன்ன பிறகுதான் அழிக்க வேண்டும்.

3. பதினொன்றுக்குப் பதினொன்று

அன்று மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. லென்ஸ் சுத்தம். விளக்கு சரி. வால்வு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், சரி. மெஷினுக்கென்று கொடுத்த யு.பி.எஸ். மட்டும் பேட்டரி உப்பிப்போய் ஓரமாகக் கிடந்தது. நேராக லைனிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது பல மில்லில் பார்ப்பதுதான்.

"எப்பெப்ப சார் கெட்டுச்சு?"

கோதண்டம் மேசை இழுப்பறையிலிருந்து கிளிப் போட்ட தினசரிக் காலண்டர் தாள்களை எடுத்தார். கோளாறு வந்த நாளின் தாளைக் கிழித்து, பின்னால் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: மெஷின் பேஜார். பதினொரு தாள்கள்.

எனக்கு அது போதும். வருகைப் பதிவேட்டை வாங்கினேன். இந்த மெஷினை இரண்டு பேர் ஓட்டினார்கள். ஒருவர் கோதண்டத்தின் மச்சான் பலராமன்; மில்லில் எல்லாருக்குமே அவர் மச்சான்தான். இன்னொருவர் எஸ்தர். முப்பத்தைந்து வயது இருக்கும். பத்து வருடம் இதே மில்லின் களத்தில் நெல் தள்ளிக் காயவைத்தவர். மெஷின் வந்த புதிதில் எங்கள் டெக்னீஷியன் சொல்லிக்கொடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டவர். காலனியிலிருந்து வந்து மெஷின் மேடையில் ஏறிய முதல் ஆள் அவர்தான் என்று சொன்னார்கள். இருவரும் வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாற்றிக்கொள்வார்கள்.

பதினொரு தேதியையும் நேரத்தையும் பதிவேட்டோடு பொருத்தி ஒரு அட்டவணை போட்டேன். எஸ்தர் ஷிப்டில் பதினொன்று. பலராமன் ஷிப்டில் பூஜ்ஜியம்.

பலராமன் எட்டிப் பார்த்துவிட்டு, "அதான் கைராசின்றது. என் கைல மெஷின் கெட்டுப்போவாதும்மா," என்றார்.

அட்டவணையைப் படமெடுத்து ராகவன் சாருக்கு அனுப்பினேன். கீழே ஆங்கிலத்தில் எழுதியது: 'பதினொன்றுக்குப் பதினொன்று. ஆபரேட்டரைப் பொறுத்து வருகிறது.' அனுப்பும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அரை நாளில் ஒரு போக்கைக் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

ராகவன் சார் அதை அப்படியே கோதண்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

4. களத்தில் எஸ்தர்

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மெஷின் மேடையில் பலராமன் இருந்தார். அது எஸ்தரின் ஷிப்ட்.

எஸ்தர் வெளியே களத்தில், வெயிலில், நெல் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நீங்களே எழுதி அனுப்பிட்டீங்க," என்றார் கோதண்டம். "நான் தப்பு சொல்லல. பொம்பளைக்கு இன்னா தெரியும்னு அப்பவே மச்சான் சொன்னான், நான்தான் கேக்கல. நீங்க முழு ரிப்போர்ட் குடுங்க. அதுல இப்படியே வந்துச்சுன்னா எஸ்தரு களத்துலயே இருக்கட்டும். மெஷினை நான் வச்சுக்கறேன்."

'ஆபரேட்டரைப் பொறுத்து' என்பது ஒரு கவனிப்பு. அது காரணம் இல்லை. சுவிட்சுக்கு யார் விரல் என்று தெரியாது. ஏதோ ஒரு செய்கை எஸ்தரிடம் இருக்கிறது, பலராமனிடம் இல்லை. அது என்ன என்று தெரியாமல் நான் ஒரு ஆளை வெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மெஷினை ஆஃப் செய்தேன். பத்து எண்ணினேன். ஆன் செய்தேன். ரெடி. சரியாக ஓடியது. இப்படி இருபத்தைந்து தடவை, சோதனை அரிசியை மூட்டையில் சேர்க்காமல் தனியே பிடித்து. இருபத்தைந்தும் சரி. நடுவே மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. இரண்டு முறையும் பலராமன்தான் மெஷினைப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் கெடவில்லை. "பாத்தீங்களா?" என்றார் இரண்டு முறையும்.

நாஷ்டா சாப்பிட்டீங்களா என்று யாரோ கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். நோட்டில் எழுதினேன், அடித்தேன். ராகவன் சார் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்: "ரிப்போர்ட் எங்க? அதான் தெரிஞ்சுபோச்சே, டைப் பண்ணி அனுப்ப வேண்டியதுதானே?"

கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினேன். கால் சுட்டது. எஸ்தர் பலகையை நிறுத்தாமலே பேசினார்.

"இன்னா மேடம், இங்கயும் கணக்கெடுக்க வந்தீங்களா? எவ கால் பட்டா நெல்லு காய மாட்டேங்குதுனு?"

"அந்த மெசேஜ் நான்தான் அனுப்பினேன். அவசரப்பட்டுட்டேன்."

"தெரியும். முதலாளி போன்ல காட்டினாரு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா பதினொண்ணுன்ற நம்பரு தெரிஞ்சுது."

"அக்கா, நீங்க மெஷினை எப்படி ஓட்டுவீங்க? முதல்லேர்ந்து வரிசையா சொல்லுங்க."

"இத்த முந்தாநேத்து கேட்டிருக்கலாமே."

"நேத்துதான் வந்தேன்."

"அப்ப நேத்து கேட்டிருக்கலாம்."

நோட்டைத் திறந்தேன். அவர் இன்னும் ஒரு சால் தள்ளிவிட்டு, பலகையை ஊன்றி நின்றார்.

"கரண்ட் போறப்ப ஒண்ணியும் ஆவாது. திரும்பி வர்றப்பதான். கரண்ட் போனா ஜெனரேட்டர் போட்டு ஓட்டிக்கினு இருப்போம். கரண்ட் வந்ததும் லீவரை ஜெனரேட்டர்லேர்ந்து ஈ.பி.க்கு மாத்தணும். மாத்தினதும் ரெடினு வரும். வந்தப்பாலயும் சிலநேரம் கறுப்பு விழும். நான் பாத்துட்டேன்னா நிறுத்தி, திருப்பிப் போடுவேன், சரியாப் பூடும். பாக்கறதுக்குள்ள நாலு மூட்டை போயிடும். இத்த நான் சொன்னேனே. மச்சானாண்ட சொன்னேன், முதலாளியாண்ட சொன்னேன். உங்க கம்பெனி நம்பருக்கும் போன் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

"லீவரை எப்படி மாத்துவீங்க?"

"எப்டின்னா? ஒரே தள்ளு. நடுவுல நிக்க விட மாட்டேன்."

"ஏன்?"

என்னை அவர் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாமல் மெஷின் செய்கிறார்களா என்ற கேள்வி இருந்தது.

"மேலேந்து அரிசி விடற அந்த ஃபீடர் கேட்டு பழசு. மெஷின் நின்னாலும் அரிசி சறுக்கிக்கினே இருக்கும். காத்து அடிக்காது. சொத்தையும் கல்லும் நல்லதோட போயி விழும். எவ்ளோ சீக்கிரம் தள்றேனோ அவ்ளோ நல்லது. மச்சான் இன்னா பண்ணுவாரு? லீவரை நடுவுல உட்டுட்டு, வெளிய போயி ஜெனரேட்டரை நிறுத்திட்டு, ஒரு டீயும் குடிச்சிட்டு வந்து தள்ளுவாரு."

நான் நோட்டில் எழுதினேன்: எஸ்தர், ஒரே தள்ளு. பலராமன், நடுவில் நிறுத்தம். எழுதும்போதே கை வேகமெடுத்தது.

5. ஒரே ஒரு தடவை

புதன்கிழமை காலை ஜெனரேட்டரைப் போடச் சொல்லி, லீவரை நானே தள்ளிப் பார்த்தேன். பழைய இரும்பு லீவர், மூன்று நிலை: மேலே ஈ.பி., நடுவில் ஆஃப், கீழே ஜெனரேட்டர். என் கைக்கு அது நடுவிலேயே சிக்கியது. இரண்டு கையால் தள்ளியும் இரண்டு வினாடி ஆகிவிட்டது. பத்து தடவை. பத்தும் சரி.

எனக்கு எஸ்தரின் கை வேண்டும்.

"முடியாது," என்றார் கோதண்டம். "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அது மேல ஏறக் கூடாது."

"அவங்க ஏறினாதான் சார் ரிப்போர்ட் வரும்."

யோசித்தார். "ஒரே தபா. நான் பக்கத்துல நிப்பேன்."

லேப்டாப்பை போர்டோடு இணைத்தேன். பூட் ஆகும்போது மாஸ்டர் ஒவ்வொரு கொடிக்கும் எத்தனை மில்லி செகண்ட் காத்திருந்தது என்று எழுதச் செய்தேன். நான் மறுபடி தள்ளியபோது வந்தவை 38, 41, 36. பலராமன் தள்ளியபோதும் கிட்டத்தட்ட அதே எண்கள்.

எஸ்தர் கால் தூசியைத் தட்டிவிட்டு மேடையில் ஏறினார். யாரையும் பார்க்கவில்லை. லீவரைப் பிடித்தார். இடுப்பிலிருந்து ஒரு தள்ளு. சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது.

திரையில் ரெடி வந்தது. அரிசி விழத் தொடங்கியது. நல்லரிசித் தொட்டியில் கறுப்பு மணிகள் எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு விழுந்துகொண்டிருந்தன. கழிவுத் தொட்டிக்கு ஒன்றும் போகவில்லை.

"பாத்தியா!" கோதண்டம் கையைத் தட்டினார். "கண்ணு முன்னாடி! நீங்களே பாருங்கம்மா. தொட்டா கெட்டுச்சு!"

பலராமன் சிரித்தார். எஸ்தர் லீவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நான் ஒண்ணியும் பண்ணல மேடம்," என்று என்னிடம் மட்டும் சொன்னார். முதன்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன் கேமரா: 0. பின் கேமரா: 0. வால்வு: 0.

மாஸ்டர் காத்திருக்கவே இல்லை. அது பார்க்கும்போதே மூன்று கொடியும் ஏறியிருந்தன. யாரும் படிக்கத் தொடங்கும் முன்பே 'முடித்தேன்' என்று எழுதியிருந்தது.

அந்தக் கொடிகள் இந்தத் தடவை ஏறியவை இல்லை. போன தடவை ஏறியவை. மின்சாரம் நின்ற அந்தக் கணத்திலேயே மெமரி அழிந்துவிடாது. போர்டில் மிச்சம் இருக்கும் கொஞ்சம் மின்சாரத்தில் அரை வினாடி, ஒரு வினாடி பழைய எழுத்து அப்படியே நிற்கும். அதற்குள் மின்சாரம் திரும்பிவிட்டால், டி.எஸ்.பி.கள் புதிதாகக் கிளம்பும், மெமரி பழையதாகவே இருக்கும். மாஸ்டர் பழைய கொடியைப் பார்த்து ஏமாந்து, முன் கேமரா பாதி படிக்கும்போதே அந்த இடத்தில் பின் கேமராவின் புரோகிராமை எழுதிவிடும். அதையும் பாதியிலேயே அழித்து வால்வின் புரோகிராமை எழுதும். கடைசியாகப் படிப்பது வால்வு, அதனால் அது மட்டும் பிழைக்கும். கண் இல்லாத மெஷின் ரெடி என்று சொல்லும்.

பூட் தொடங்கும்போது கொடிகளை இறக்கிவிட ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. மெமரி எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் லேபில் அது எப்போதும் காலியாகத்தான் இருந்தது. ஏனென்றால் 'ஆஃப் செய்தபின் பத்து வினாடி காத்திருக்கவும்' என்று டெஸ்ட் முறையை எழுதியதும் நான்தான்.

"அக்கா, இறங்காதீங்க," என்றேன்.

"ஒரே தபானு சொன்னேன்," என்றார் கோதண்டம்.

"சார், கெடுத்தது நாங்க. மெஷினை நான் சரி பண்ணப்போறேன். சரியாச்சான்னு தெரியணும்னா இவங்க தள்ளித்தான் ஆகணும். இந்த மில்லுல வேற யாருக்கும் அந்த வேகம் இல்ல."

அவர் முகத்தைப் பார்க்காமலே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன்.

6. முப்பது தள்ளு

மாற்றம் மூன்று வரி. கொடிகளை இறக்கு. இறங்கிவிட்டனவா என்று திரும்பப் படித்துப் பார். பிறகே ரீசெட்டை விடு. அதைச் சேர்த்து ஃப்ளாஷில் ஏற்றுவதற்குள் என் விரல் இரண்டு தடவை தவறான விசையைத் தொட்டது.

எஸ்தர் தள்ளினார். 38, 40, 36. கறுப்பு கழிவுக்குப் போனது.

"இன்னொண்ணு அக்கா."

"எத்தினி?"

"முப்பது."

"கை இருக்குமா, போயிடுமா?" என்றார். ஆனால் தள்ளினார். நான் போனில் ஸ்லோ மோஷனில் படமெடுத்தேன். லீவர் நடுவைக் கடந்த நேரம் 0.4 வினாடி. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே. முப்பதும் சரியாக வந்தன. இருபதாவதுக்கு மேல் அவரே எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். இருபத்தெட்டில், "மச்சான், நீங்க ரெண்டு தள்றீங்களா? கைராசி ஆச்சே," என்றார். பலராமன் ஜெனரேட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டார்.

களத்தோரம் நின்று ராகவன் சாரைக் கூப்பிட்டேன். சொன்னேன்.

"யு.பி.எஸ். இல்லாம ஓட்டியிருக்காங்க. 'ஃபீல்ட் பவர் கண்டிஷன்', மில்லோட கரண்ட் கோளாறுன்னு போட்டா போதாதா?"

"யு.பி.எஸ். இருந்தா தெரியாம இருந்திருக்கும் சார். தப்பு அப்பவும் இருந்திருக்கும்."

"அதே கோடு எத்தனை மெஷின்ல ஓடுது, யோசிச்சியா?"

"இது போக பத்தொன்பது. மில் பேரெல்லாம் எழுதிட்டேன்."

பெருமூச்சு கேட்டது. "சரி. உள்ளதை எழுது. மத்தவங்களுக்கு நான் போன் பண்றேன். அந்த மெசேஜை நான் ஃபார்வர்ட் பண்ணியிருக்கக் கூடாது."

"நான் அனுப்பியிருக்கக் கூடாது சார்."

7. ரிப்போர்ட்

மதியத்துக்குள் ரிப்போர்ட்டை முடித்து, ஆபீஸ் அறையில் பிரின்ட் எடுத்து, கோதண்டத்திடம் கொடுத்தேன். காரணம், விளைவு, மாற்றம், சோதனை. எல்லாம் கம்பெனியின் வழக்கமான ஆங்கிலப் படிவத்தில். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"சரி. கம்பெனி தப்புனு எழுதிக்கீது. இனிமே கெடாதுல்ல?"

"கெடாது சார்."

"அப்ப பேஜார் விட்டுச்சு. மச்சானே ஓட்டட்டும். அது களத்துலயே இருக்கட்டும், அங்கயும் ஆள் பத்தல."

எஸ்தர் கதவருகே நின்றிருந்தார். முப்பது தடவை தள்ளிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றார். "மெஷினுக்கு இன்னா ஆச்சுனு எழுதிட்டீங்க. நான் இன்னா பண்ணேன்னு எழுதினீங்களா?"

எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை. மெஷின் மேல் தப்பு என்று எழுதினாலே ஆள் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

தாளைத் திரும்ப வாங்கி, அடியில் இருந்த வெற்றிடத்தில் பேனாவால் தமிழில் எழுதினேன். எழுதியதைச் சத்தமாகப் படித்தேன்.

"ஒன்று. பதினொரு முறையும் கோளாறுக்குக் காரணம் எங்கள் புரோகிராம். இரண்டு. ஆபரேட்டர் எஸ்தர் லீவரை மாற்றிய முறை சரியானது. மூன்று. திங்கட்கிழமை நான் அனுப்பிய மெசேஜ் தவறு."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"அது சரிம்மா," என்றார் கோதண்டம். "தப்பு இல்ல. ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு பேரும் தள்ளினா ஒண்ணுதானே இப்ப?"

எஸ்தர் வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மூட்டை அடுக்குகளுக்குப் போய், நேற்றைய மூட்டை ஒன்றில் குத்தூசியைச் செருகி, சாம்பிளுக்கு எடுப்பது போல அரிசியை உருவி, ஒரு தட்டில் கொட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். விரலால் பரப்பினார்.

"இது நேத்து மச்சான் ஓட்டினது. கரண்ட் ரெண்டு தபா வந்துச்சு. மெஷின் கெடல. மேடமே சொல்றாங்க. அப்ப இந்தக் கறுப்பு எங்கேந்து வந்துச்சு?"

வெள்ளையில் கறுப்பும் பழுப்புமாக நிறையவே கிடந்தன. கோதண்டம் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து நகத்தால் நசுக்கினார்.

"அவரு டீ குடிக்கப் போன நேரத்துல சறுக்கினது," என்றார் எஸ்தர். "ரெண்டு லோடு திரும்பி வந்துச்சே, அதுல பாதி மெஷினோடது. மீதி இது. மூணாவது வரணுமா முதலாளி?"

நான் அந்த நினைப்புக்கே போயிருக்கவில்லை. என் அட்டவணையில் பலராமனுக்குப் போட்ட பூஜ்ஜியம், யாரும் பார்த்துக் குறிக்காத பூஜ்ஜியம்.

கோதண்டம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரை போய், "பலராமா!" என்று கத்தினார். ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து குரல் வந்தது. "இந்தாண்ட வா. வந்து இத்தப் பாரு." பிறகு எஸ்தரைத் திரும்பிப் பார்க்காமல், "நாளைலேர்ந்து நீ ஏறிக்கோ," என்றார்.

"நாளைக்கு இன்னாத்துக்கு? இன்னிக்கு ஷிப்டே என்னுதுதான்."

சொல்லிவிட்டு அவர் மேடையை நோக்கி நடந்தார். அவர் லீவரைத் தொடவில்லை. முதலில் ஃபீடர் கேட்டைத் தட்டி, "மேடம், உங்க கம்பெனில இதுக்கு ஒரு புது கேட்டு கெடைக்குமா? அத்தயும் எழுதிக்கோங்க," என்றார். எழுதிக்கொண்டேன்.

8. அதன் பிறகு

மறுநாளே மற்ற மில்களுக்குக் கிளம்பினேன். பத்தொன்பதில் நாலு இடத்தில் இதே கோளாறு இருந்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கெடுத்தது இவர்தான் என்று ஒரு ஆளைக் காட்டினார்கள். ஒருவரை அதற்குள் வேலையை விட்டே அனுப்பிவிட்டிருந்தார்கள். அந்த மில்லுக்கும் ரிப்போர்ட்டின் அடியில் அந்த மூன்று வரியைப் போன்ற வரிகளை எழுதிக் கொடுத்தேன். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது இன்னும் என்னை நெருடுகிறது.

புதிதாக வருகிறவர்கள் செய்ய வேண்டியவை:

அ. ஷேர்டு மெமரியில் எதையும் நம்பிப் படிக்கும் முன், அதை நீங்களே துடைத்து, துடைத்ததைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.
ஆ. டெஸ்டைப் பத்து வினாடி காத்திருந்து மட்டும் செய்யாதீர்கள். காத்திருக்காமலும் செய்யுங்கள். அரை வினாடியில் திரும்ப ஆன் செய்தும் பாருங்கள்.
இ. எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் இப்போது ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: யார் மேல் தவறில்லை. அதைக் காலியாக விடக் கூடாது. தமிழில் எழுத வேண்டும், படித்துக் காட்ட வேண்டும்.
ஈ. 'யார் ஓட்டும்போது கெடுகிறது' என்று கேட்பதில் தவறில்லை. பெயர் கிடைத்ததும் அந்த ஆளிடம் போங்கள். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று ஒரு முறை முழுதாகப் பாருங்கள். அதுவரை யாருக்கும் எதுவும் அனுப்பாதீர்கள்.